பதினேழாவது கேள்வி

சிலிண்டரை மூடினேனா இல்லையா? மூடினேன். இல்ல, மூடணும்னு நெனச்சேன், அதுக்குள்ள இவரு வாசல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு ஹாரன் அடிக்கிறாரு, பயிற்சி குடுக்கற கோச் பதினோரு மணின்னா பதினோரு மணிதான், கதவைச் சாத்திடுவாருன்னு. இருபத்தாறு வருஷத்துல எனக்காக ஒரு தடவை நேரத்துக்குக் கெளம்பியிருப்பாரா இந்த மனுஷன். என் தங்கச்சி கல்யாணத்துக்கு முகூர்த்தம் முடிஞ்சு எலை போட்டப்புறம் போய் நின்னோம். இப்பப் பாரு, கோச்சுன்னா காலுல சக்கரம். என்ன குளிரு இந்த மண்டபத்து ஏசி. நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை மாட்டி முதுகுல ஆரஞ்சு ரிப்பன் கட்டி வெச்சிருக்கான், ஏதோ கல்யாண வரவேற்பு கணக்கா. ஆனா மாப்பிள்ளை பொண்ணு கெடையாது, மேடையில பதினோரு நாற்காலி, பதினோரு பேரு, எல்லாரும் எட்டு மாசம் பயிற்சி எடுத்து நெஜமான தன்னைக் கண்டுபிடிச்சவங்களாம். அதுல ஒன்பதாவது நாற்காலிதான் என் வீட்டுக்காரர், சட்டநாதன். நீலச் சட்டை. அந்தச் சட்டையை இஸ்திரி போட்டது நான், காலர்ல ஒரு சுருக்கம் நின்னு போச்சு, மூணாவது வரிசையில உக்காந்திருக்கேன், இங்கேர்ந்தே கண்ணை உறுத்துது. கையில ஒரு சாவி. நெஞ்சுக்கு நேரா பிடிச்சுக்கிட்டிருக்காரு. ஆளாளுக்குப் புது வாழ்க்கைக்கு அடையாளமா ஒரு பொருள் கொண்டு வரணும்னு கோச் சொல்லியிருக்காரு. ஒருத்தர் தபேலா கொண்டாந்திருக்காரு, ஒரு அம்மா ஓடறதுக்குப் போடற ஷூவை மடியில வெச்சிருக்காங்க, இவரு சாவி. தரங்கம்பாடியில, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி, ஒத்தை ரூம் வீடு, ஒரு வருஷத்துக்கு வாடகைக்கு, இவரு மட்டும். திங்கக்கெழமை காலையில கெளம்பறாரு. நான்? நான் கும்பகோணத்துல இவரு அப்பாவைப் பாத்துக்கிட்டு இருப்பேன். அதை யாரும் என்கிட்ட கேக்கவே இல்ல. கேக்கறதுக்கு என்ன இருக்கு, சொவரு நாளைக்கு எங்க இருக்கும்னு யாராவது கேப்பாங்களா. மணி பதினொண்ணே முக்கால் ஆச்சு. மாமாவுக்குப் பன்னெண்டரைக்குக் கஞ்சி. பக்கத்து வீட்டு லலிதாகிட்ட சொல்லிட்டு வந்தேன், சூடா குடுத்துடாதே, நாக்கு வெந்துச்சுன்னா ரெண்டு நாளைக்கு வாயே தெறக்க மாட்டாருன்னு. சிலிண்டரைப் பத்தி அவகிட்ட சொல்லல. ஃபோன் பண்ணலாம்னா எல்லார் ஃபோனையும் வாசல்லயே ஒரு கூடையில போட்டு வாங்கிட்டான், இங்க உள்ள இருக்கற வரைக்கும் நம்ம நெஜத்தோட மட்டும் இருக்கணுமாம். என் நெஜம் வீட்டுல கேஸ் லீக் ஆகிக்கிட்டிருக்கு.

தப்பு என்னோடதுதான். நான்தானே சேத்துவிட்டேன், யாரைப் போய் நொந்துக்கறது. போன ஆடியில எங்க மக மதுரவாணி பெங்களூர்லேர்ந்து ஒரு வீடியோ அனுப்பினா. கோட்டு போட்ட ஒருத்தன், முப்பத்தஞ்சு வயசுகூட இருக்காது, ஜெயரூபன்னு பேரு, இதே கோச்சுதான், கையை ஆட்டி ஆட்டிப் பேசறான், நீங்க வாழறது உங்க வாழ்க்கையா, இல்ல அடுத்தவங்க உங்களுக்கு எழுதிக் குடுத்த வாழ்க்கையான்னு. "அப்பாவைச் சேத்துவிடும்மா, மனசுல இருக்கறதை வெளியில சொல்றதே இல்ல, ஒருநாள் பொசுக்குன்னு எதாவது ஆயிடப் போவுது"ன்னு மக சொன்னா. அவ சொன்னதும் வாஸ்தவந்தான். இவருகிட்டேர்ந்து ஒரு வார்த்தை வாங்கறதுக்குள்ள உயிர் போயிடும். ஓட்டலுக்குப் போனா சர்வர் வந்து நிப்பான், இவரு மெனு கார்டை என் பக்கம் தள்ளிடுவாரு, அவங்க சொல்றதே எனக்கும்னு. கண்ணாடிக் கடையில ஃப்ரேம் நான் பாக்கணும். சட்டைக் கலர் நான் பாக்கணும். காலேஜ் ஆபீஸ்ல முப்பது வருஷம் அத்தனை பேரு ஃபைலையும் கட்டி மேய்ச்ச மனுஷன், தனக்கு லீவு லெட்டர் எழுதணும்னா நாயகி, நீ எழுதிடேன்னு நிப்பாரு. என் முழுப்பேரு தையல்நாயகி. அந்தப் பேருல என்னைக் கூப்பிட்டது எங்கப்பா ஒருத்தர்தான், அவரும் போயிட்டாரு. இவருக்கு நாயகி, மாமாவுக்கு ஏம்மா, மகளுக்கு அம்மா. ஏம்மா, நாயகி, அம்மா, காலையில அஞ்சரைலேர்ந்து ராத்திரி படுக்கற வரைக்கும் யாராவது ஒருத்தர் வாயில இருந்துக்கிட்டே இருக்கேன். அந்தப் பயிற்சிக்கு முப்பது கேள்வி வெச்சு ஒரு ஃபாரம் வந்துச்சு, உன்னை அறின்னு தலைப்பு. அதையும் நான்தான் நிரப்பினேன். ரேஷன் கார்டு ஃபாரம், பேங்க் ஃபாரம், மக காலேஜ் ஃபாரம், எல்லாம் நிரப்பின கை, இது மட்டும் என்ன பெருசு. பாதியில சந்தேகம் வந்து கேட்டேன், "என்னங்க, ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்ச எடம் எதுன்னு கேக்கறான், என்ன போட?" பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கல. "நீயே எதையாவது எழுது." "இது ஒங்க மனசைப் பத்தி கேக்கறது, நான் என்னத்தைன்னு எழுதறது?" "ஒனக்குத் தெரியாததா. எழுது நாயகி." எழுதினேன். எல்லாப் பக்கத்துலயும் அடியில கையெழுத்து போட்டாரு, ஒரு வரி படிக்கல. வழக்கம்தானே.

அப்புறம் வியாழக்கெழமைக்கு வியாழக்கெழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ரூம் கதவைச் சாத்திக்கிட்டு ஃபோன்ல ஒரு மணி நேரம். நான் வெளியில டிவி சத்தத்தைக் கொறைச்சு வெச்சுப்பேன், இவரு மனசு தெறக்கறப்ப தொந்தரவா இருக்கக் கூடாதுன்னு. கொழுப்பு. எனக்குத்தான் கொழுப்பு. ரெண்டாம் மாசம் மொதல் நெஜம் வெளியில வந்துச்சு, "நாயகி, ஒன் வத்தக்குழம்பு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது"ன்னாரு. இருபத்தாறு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவை பிசைஞ்சு சாப்பிட்டுட்டு. சரி, போவுது, சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டேன், மகளுக்கு ஃபோன் போட்டு, ஒங்கப்பா பேச ஆரம்பிச்சுட்டாருடின்னு பெருமையா வேற சொன்னேன். அப்புறம் கார்த்திகையில ஒரு செவ்வாக்கெழமை. முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டிருக்கேன். ஃப்ரிட்ஜ் பக்கத்துல வந்து நின்னாரு. "ஒண்ணு சொல்லணும்." பிரஷர்தான் ஏறிடுச்சுன்னு பயந்து எழுந்துட்டேன். "நம்ம கல்யாணத்துக்கு நான் மனசார ஒத்துக்கல. அப்பா முகத்துக்காகத்தான் சரின்னேன்." கையில ஒரு கொத்துக் கீரை. அதை வெச்சுக்கிட்டு நிக்கறேன். "அதுக்கு நான் இப்ப என்ன செய்யணும்?" "நீ ஒண்ணும் செய்ய வேணாம். உள்ள இருந்துச்சு, சொல்லிட்டேன். லேசா இருக்கு." லேசா இருக்காமே. வாந்தி எடுத்தவருக்கு லேசாத்தான் இருக்கும், அள்ளறவளுக்குத்தானே தெரியும். சொல்லிட்டு உக்காந்து ரெண்டு தடவை ரசம் வாங்கி ஊத்திக்கிட்டாரு. நான் பாத்ரூம்ல கொழாயைத் தெறந்து விட்டுட்டு அழுதேன், டேங்க் காலியாயிடுச்சு, மாமா உள்ளேர்ந்து கத்தறாரு, ஏம்மா, தண்ணி வரல, ஏம்மா. அந்த வாரம் வியாழக்கெழமை கதவுக்கு வெளியில நிக்கறேன், கோச் சிரிக்கற சத்தம் ஸ்பீக்கர்ல கேக்குது, சூப்பர் சார், பெரிய தடையை ஒடைச்சிட்டீங்க. ஒடைஞ்சது எதுன்னு அவனுக்கு யாரு சொல்றது.

அதுலேர்ந்து எனக்கு ஒண்ணும் நெலைக்கல. பழசு ஒவ்வொண்ணையும் எடுத்து மோந்து பாக்கறேன், இதுவும் கெட்டுப் போச்சா, இதுவும் கெட்டுப் போச்சான்னு. வைத்தீஸ்வரன்கோயில்ல எங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்தப்ப காலண்டரையே பாத்துக்கிட்டிருந்தாரே, வெக்கம்னு நெனச்சேன். ஆடை படிஞ்ச காப்பியை ஒண்ணும் சொல்லாம குடிச்சாரே, நல்ல கொணம்னு நெனச்சேன். மதுரவாணி பொறந்தப்ப ஃபிளாஸ்க்குல வெந்நி வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுல ரெண்டு ராத்திரி ஒக்காந்திருந்தாரே, அது? அதுவும் அப்பா முகத்துக்காகவா? எனக்கு டைஃபாய்டு வந்தப்ப தலையில ஈரத்துணி போட்டதும்? கேக்கலாம். கேட்டா நெஜத்தைச் சொல்லிடுவாரு இப்ப. அந்த பயத்துலயே கேக்கல. அப்புறம் தையில வேலையை விட்டாரு. மாசியில இந்தத் தரங்கம்பாடிப் பேச்சு. "அங்க நீங்க ஒருநாளும் போனதில்லையே"ன்னேன். "போகல. ஆனா உள்ளேர்ந்து வந்துச்சு"ன்னாரு, கோச் பேசற மாதிரியே கையை நெஞ்சுல வெச்சுக்கிட்டு. உள்ளேர்ந்து எப்பிடிய்யா தரங்கம்பாடி வரும், பஸ்ஸுல இல்ல போகணும். அப்பவே எனக்கு எங்கேயோ ஒரு முள்ளு தைச்சுது, என்னான்னு தெரியல. கும்பகோணத்துக்குப் பக்கத்துல எத்தனையோ ஊரு இருக்கு. மாமாவுக்கு மருந்து குடுக்க நேரம் ஆச்சுன்னு எழுந்து போயிட்டேன்.

ஷூ அம்மா பேசிட்டு உக்காந்துட்டாங்க. எல்லாரும் கை தட்டறாங்க, நானும் தட்டறேன். கை மட்டும் ஒழுங்கா வேலை செய்யும் எனக்கு, எங்க போனாலும். ஒரு பொண்ணு வரிசை வரிசையா வந்து ஆளுக்கொரு ஆரஞ்சு ஃபைலைக் குடுத்துட்டுப் போவுது, பயணக் கோப்பாம், உங்க அன்பானவர் மொதல் நாள்லேர்ந்து எழுதினது எல்லாம் இதுல இருக்கு, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் பத்திரமா வெச்சுக்குங்கன்னுச்சு. மேல சட்டநாதன்னு அச்சடிச்சிருக்கான். தெறக்கல. இவரு பயணத்தைத்தான் தெனம் பாக்கறேனே. மடியில வெச்சு அதுமேல கைப்பையை வெச்சுக்கிட்டேன், குளிருக்காவது ஆகட்டும். கோச் மைக்கைப் பிடிச்சுக்கிட்டு மேடையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கறாரு, பொய்யான உங்களை யாரு வேணா நேசிக்கலாம், நெஜமான உங்களை நேசிக்கற தைரியம் எத்தனை பேருக்கு இருக்குன்னு கேக்கறாரு. ஏன் என்னைப் பாத்துக் கேக்கறாரு. சும்மா பாத்திருப்பாரு. எனக்கு இப்பல்லாம் எல்லாரும் என்னைப் பாத்துத்தான் சொல்ற மாதிரி இருக்கு. சிலிண்டர் ரெகுலேட்டரை வலது பக்கம் திருப்பினேன். சோத்துப் பானையை எறக்கினேன், கை தொடைச்சேன், அப்புறம் ஹாரன். திருப்பினதா ஞாபகம் இருக்கறது இன்னிக்குத் திருப்பினதா நேத்து திருப்பினதா? தெனம் ஒரே மாதிரி செய்யற வேலையில எது எந்த நாள்னு எப்பிடித் தெரியும்.

இவரு முறை. எழுந்து மைக் முன்னாடி வர்றாரு. தாளைப் பிரிக்கறாரு. அட, நான் ஏன் வேண்டிக்கறேன், நல்லபடியா படிச்சு முடிக்கணுமேன்னு. சீ, நீயெல்லாம் ஒரு மனுஷியா. எல்லார் கடுதாசிக்கும் ஆரம்பம் ஒண்ணுதான், அது இவங்க வழக்கம். "இதுவரைக்கும் நான் சொல்லாதது"ன்னு ஆரம்பிச்சாரு. கொரல் மைக்குல வேற மாதிரி இருக்கு, கனமா. "எனக்கு ஒரு வீடு வேணும். யாரும் என் பேரைச் சொல்லிக் கூப்பிடாத வீடு." முன் வரிசையில ஒருத்தர் ஆகான்னாரு. "மத்தியானத்துல அடுப்பு பத்த வைக்காத வீடு." என்னது? அடுப்பா? இவரு எந்தக் காலத்துல அடுப்பு பத்த வெச்சாரு? லைட்டரை எந்தப் பக்கம் அமுக்கணும்னு தெரியாது, போன மாசம் வெந்நி வெக்க அதை டார்ச் லைட்டு மாதிரி பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளு. "மழை வந்தா கொடியில கெடக்கற துணியை எடுக்க ஓடாம, நனையட்டும், நனைஞ்சா நனையட்டும்னு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கற வீடு. கடல் சத்தம் மட்டும் கேக்கற வீடு." கை தட்டறாங்க. கோச் கண்ணைத் தொடைச்சுக்கறாரு. துணியா? இவரா? மொட்டை மாடிக்குப் போற படி எத்தனைன்னு கேளுங்கய்யா இவரை. ஒருத்தருக்குமா தோணல? எரநூறு பேரு உக்காந்திருக்கீங்களே, ஒருத்தருக்குமா இந்த ஆம்பளை எங்க துணி எடுக்க ஓடினான்னு தோணல? நனைஞ்சா நனையட்டும். இது எங்கேயோ கேட்டது. கேட்டதா, இல்ல நான் சொன்னதா. ஈரத்தலையோட சொன்ன மாதிரி இருக்கு. கையெல்லாம் சொட்டச் சொட்ட. பேனா எழுதாம. பேனாவா, பேனா எங்கேர்ந்து வந்துச்சு இதுல?

கைப்பை கீழ விழுந்துச்சு, எடுக்கல. ஃபைலைத் தெறந்தேன். என் எழுத்து. வேற யாரு எழுத்தா இருக்கும், நாந்தானே நிரப்பினேன், இருந்தாலும் அதைப் பாத்ததும் சந்தையில தொலைஞ்ச பிள்ளையைக் கண்ட மாதிரி பக்குன்னு ஆச்சு. வாலை நீட்டி எழுதற என் ழ. பன்னெண்டாம் கேள்வி வரைக்கும் நீல மை, அதுக்கப்பறம் பேனா தீந்து போய் மளிகைச் சீட்டுக்கு வெச்சிருக்கற பென்சில். ஒன்பதாவது கேள்வி, உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது. தரங்கம்பாடி. ஐயோ. அஞ்சாவது படிக்கறப்ப பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனாங்க, அலை வந்து பாவாடை முழங்கால் வரைக்கும் நனைஞ்சுது, டீச்சர் கத்தறா, நான் நகரல, அப்பிடியே நின்னேன். அதுக்கப்பறம் போகவே இல்ல, ஒண்ணரை மணி நேரப் பயணம், நாப்பது வருஷமா போகல. பதினேழாவது கேள்வி, யாருக்கும் தெரியாத உங்கள் ஆசை எது. அந்த மத்தியானம் அப்பிடியே வந்து நிக்குது. இவரு ஆபீஸ்ல. குக்கர் மூணாவது விசில். திடீர்னு மழை, ஓடிப் போய் மொட்டை மாடியில துணியெல்லாம் அள்ளிக்கிட்டு வந்து, சொட்டச் சொட்ட உக்காந்து, மாமா உள்ளேர்ந்து ஏம்மா ஏம்மாங்கறாரு, இந்தக் கேள்வியைப் படிச்சேன், இவருக்கு என்ன ஆசை இருக்கும்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன், ஒண்ணும் வரல, இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி இவரு ஆசை ஒண்ணுகூட எனக்குத் தெரியலையேன்னு ஆத்தாமையா இருந்துச்சு, கை பாட்டுக்கு எழுதிட்டுப் போச்சு. யாரும் பேர் சொல்லிக் கூப்பிடாத வீடு. அடுப்பு பத்த வைக்காத மத்தியானம். நனைந்தால் நனையட்டும். எல்லாம் அப்பிடியே இருக்கு. பக்கத்துல கோச் செவப்புப் பென்சில்ல ரெண்டு கோடு போட்டு எழுதியிருக்காரு, அருமை! இங்கேயிருந்து தொடங்குவோம்! எட்டு மாசமா என் மனசை ஃபோன்ல இவருக்குப் படிச்சுக் காட்டியிருக்கான் அந்தப் பாவி, நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க சார்னு. இவரும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காரு. எம் பொண்டாட்டி எழுதினதுன்னு சொல்ல வெக்கமா இருந்திருக்கும் மொதல்ல. அப்புறம் நம்பிட்டாரு. எனக்கு எது வேணும்னு எப்பவும் அவதானே சொல்லுவா, இதையும் சொல்லிட்டாளேன்னு எடுத்துக்கிட்டாரு. நான் போட்ட காப்பியை எடுத்துக்கற மாதிரி, நான் மடிச்ச வேட்டியை எடுத்துக்கற மாதிரி, என் கடலை எடுத்துக்கிட்டுப் போறாரு. என்னை விட்டுட்டு.

பதினொண்ணு. பாக்காம தாண்டி வந்துட்டேனே, பதினொண்ணாவது கேள்வி. மற்றவர் முகத்துக்காக நீங்கள் எடுத்த ஒரு முடிவு. பாக்க வேணாம்னு கண்ணை மூடிக்கிட்டேன், மூடினா மட்டும்? கல்யாணம். அப்பா முகத்துக்காக. நீல மை, நல்ல அழுத்தி எழுதியிருக்கேன். எங்கப்பா. நான் எங்கப்பாவைச் சொன்னேன். அப்ப, அந்தச் செவ்வாக்கெழமை ஃப்ரிட்ஜ் பக்கத்துல நின்னு இவரு என் மூஞ்சிக்கு நேரா சொன்னது என் வாக்கியம். நாலு மாசமா கொழாயைத் தெறந்து விட்டுட்டு அழுதது என் கையெழுத்துக்கு. சிரிக்கறதா அழறதா. இவருக்கு நெஜமாவே என்னைப் பிடிச்சிருந்துச்சா, பிடிக்கலையா, அது இனிமே இவருக்கே தெரியாது, கோச் அதுமேல செவப்புக் கோடு போட்டுட்டாரு. நான்? நான் அதை மனசார எழுதினேனா? அன்னிக்குக் காலையில ஈரத் துண்டை மெத்தை மேல போட்டுட்டு ஆபீஸ் போயிட்டாரு, அந்த எரிச்சல்ல எழுதினேன். ஆனா எரிச்சல்ல பொய்யா வரும்? ஆடை படிஞ்ச காப்பியைக் குடிச்ச மூஞ்சியைக் கதவிடுக்குல பாத்து அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வந்துச்சே, அதுவும் நெஜம்தானே. அந்தக் கேள்விக்குக் கீழ ஒரே ஒரு கோடுதான் எடம் விட்டிருந்தான். இதெல்லாம் எங்க எழுதறது. துரோகம்னு இவரைத் திட்டிக்கிட்டிருக்கேன் நாலு மாசமா. இவரு நான் எழுதினதைத்தானே படிச்சாரு. இல்ல, விட மாட்டேன். ஒரு வரி, ஒரே ஒரு வரி இவரா யோசிச்சிருந்தா, எப்பிடி நாயகி இதை எழுதினேன்னு ஒரு தடவை என்கிட்ட கேட்டிருந்தா. என் எழுத்தைப் பாத்தும் என்னைப் பாக்கலையே. கேட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும், எனக்கு இது வேணும்னு. எட்டு மாசம் யாரோ ஒருத்தன் வியாழக்கெழமை தவறாம, நீங்க என்ன நெனைக்கறீங்க, உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டிருக்கான். என் பதிலை வெச்சுக்கிட்டு, இவருகிட்ட.

"நாயகி மேடம், நாயகி மேடம் எங்க இருக்கீங்க?" கோச் கூப்பிடறாரு. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. "சார் மாற்றத்துக்குப் பின்னாடி ஒரு பெரிய மனசு இருக்கு. அவங்க விட்டுக் குடுக்கலேன்னா இந்தச் சாவி சார் கையில இல்ல. ஒரு வார்த்தை பேசுங்க மேடம்." மேடைக்கு ஏறறேன். நாலு படி. ஃபைலைக் கையில பிடிச்சுக்கிட்டே. இவரு சிரிக்கறாரு, பயந்த சிரிப்பு, கெளம்பறேன்னு திங்கக்கெழமை சொல்றப்பவும் இப்பிடித்தான் சிரிப்பாரு. மைக்கை வாங்கினேன். நன்றின்னு சொல்லிட்டு எறங்கிடலாம். நல்லா இருப்பாங்க எல்லாரும், நானும் பன்னெண்டரைக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். வாய் நன்றிக்குத் தயாராத்தான் இருந்துச்சு. கோச்கிட்ட, "சார், பதினேழாவது கேள்விக்குப் பதில் யாரு எழுதினதுன்னு பாத்தீங்களா?"ன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, "சார் எழுதினதுதான் மேடம், அதானே எல்லாத்துக்கும் ஆரம்பம்"னாரு. ஃபைலை இவருகிட்ட நீட்டினேன். பாத்தாரு. கண்ணாடியை மேல தூக்கிவிட்டுக்கிட்டுப் பாத்தாரு. லீவு லெட்டர்ல இருபத்தாறு வருஷம் பாத்த எழுத்து, தெரியாமப் போகுமா.

"நீ எழுதினா சரியா இருக்கும்னு நெனச்சேன்"னாரு, மெதுவா. மைக் என் கையில இருந்துச்சு, எல்லாருக்கும் கேட்டுடுச்சு.

"சரியாத்தான் எழுதினேன். என்னைப் பத்தி எழுதினேன்." கையை நீட்டினேன். "சாவியைக் குடுங்க."

கோச், "மேடம், இதை நாம தனியா உக்காந்து"ன்னு ஏதோ ஆரம்பிச்சாரு. நான் திரும்பல. நீட்டின கை வலிக்க ஆரம்பிச்சுது, எறக்கல. இவரு சாவியைப் பாத்தாரு, கோச்சைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. குடுத்துட்டாரு. சூடா இருந்துச்சு சாவி, அவ்வளவு நேரம் பிடிச்சிருந்திருக்காரு.

"மாமாவுக்குப் பன்னெண்டரைக்குக் கஞ்சி, எட்டு மணிக்குப் பிரஷர் மாத்திரை. வீட்டுக்குப் போனதும் மொதல்ல சிலிண்டரைப் பாருங்க, மூடினேனான்னு ஞாபகம் இல்ல"ன்னேன். தலையை ஆட்டினாரு. அப்புறம் ஓட்டல்ல மெனு கார்டைத் தள்ளிட்டுப் பாப்பாரே, அதே பார்வை. "அப்ப எனக்கு என்னதான் வேணும், நாயகி?"

பதில் சொல்ல வாய் தானா தெறந்துடுச்சு. இருபத்தாறு வருஷப் பழக்கம். மூடிக்கிட்டேன். ஃபாரத்தைத் திருப்பினேன், கடைசிப் பக்கம் முழுசா வெத்தா இருந்துச்சு. இவரு சட்டைப் பையிலேர்ந்தே பேனாவை எடுத்து, மூடியைக் கழட்டி, கையில குடுத்தேன்.

"தெரியல"ன்னேன். "நீங்களே எதையாவது எழுதுங்க."